கைபேசியில் சம்மதித்த நிறம்

கல்யாணப் பத்திரிகையின் டிசைன் இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. வீட்டிலுள்ளவர்கள் ஆளுக்கொரு கைபேசியில் பார்க்கிறார்கள். பெயர்களையும் முகூர்த்த நேரத்தையும் சரிபார்க்கிறார்கள். "ஓகே, அடிச்சிடுங்க" என்று பதில் போகிறது. சில நாள் கழித்துக் கட்டைப் பிரித்தால், திரையில் பளீரென்றிருந்த கிளிப்பச்சை களையிழந்து வெறும் இலைப்பச்சையாகியிருக்கிறது. ஆழ்ந்த நீலம் கத்திரிப்பூ நிறத்துக்குச் சாய்ந்திருக்கிறது. அச்சகம் நிறத்தைக் கெடுத்துவிட்டது என்பது வாடிக்கையாளரின் குறை. கம்ப்யூட்டரில் தெரிவதெல்லாம் பேப்பரில் வராது என்பது அச்சகத்தின் பதில். பதில் உண்மைதான், ஆனால் காரணத்தைச் சொல்லாததால் அது சாக்குப்போக்குப் போலக் கேட்கிறது. இந்தச் சச்சரவு முழுக்கவும் ஓர் எண்ணத்தில் வேர் பிடித்திருக்கிறது: திரையில் இருப்பது மூலம், தாளில் வருவது அதன் நகல் என்ற எண்ணம். அதை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இங்கே நான் சொல்ல வருவது. திரையும் தாளும் ஒரே கண்ணை எதிரெதிர் திசையிலிருந்து அணுகுகின்றன. தாளில் இருக்கப்போகிற நிறத்தைத் தாளில் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

முதலில் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். நம்மால் பார்க்க முடிகிற ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்கள் கொண்டது. இத்தனை அலைநீளங்களையும் தனித்தனியாக அளந்தறியும் கருவி நம் விழித்திரையில் கிடையாது. பகல் வெளிச்சத்தில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்றே வகை. குறுகிய அலைக்கு ஒன்று, நடுத்தர அலைக்கு ஒன்று, நீண்ட அலைக்கு ஒன்று. மூளைக்குப் போய்ச் சேர்வது, இந்த மூன்றும் எந்த விகிதத்தில் தூண்டப்பட்டன என்ற செய்தி மட்டும். கண்ணில் இப்படி மூன்று வகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் தாமஸ் யங் 1802-இலேயே ஊகித்தார். இதிலிருந்து ஒன்று பிறக்கிறது. உள்ளடக்கத்தில் முற்றிலும் வேறான இரண்டு ஒளிகள், மூன்று வகைச் செல்களையும் ஒரே விகிதத்தில் தூண்டினால், நமக்கு அவை ஒரே நிறம். கைபேசியில் தெரியும் எலுமிச்சம்பழத்தின் படத்தில் மஞ்சள் ஒளி விடும் புள்ளி ஒன்றுகூட இல்லை. அங்கே சிவப்பும் பச்சையும் மட்டுமே எரிகின்றன. மஞ்சளாக எடுத்துக்கொள்வது நம் பார்வை. மூன்றே நிறங்களை வைத்துக்கொண்டு உலகத்தைக் காட்டிவிடலாம் என்று திரை செய்பவரும் அச்சடிப்பவரும் துணிந்ததற்கு, கண்ணின் இந்தச் சிக்கனம்தான் ஆதாரம்.

திரை இருட்டிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நுண்விளக்குகள். மூன்றும் அணைந்தால் கருப்பு, மூன்றும் முழுதாக எரிந்தால் வெள்ளை. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள், பச்சையும் நீலமும் சேர்ந்தால் வெளிர்நீலம் போன்ற சயான், சிவப்பும் நீலமும் சேர்ந்தால் வாடாமல்லியை ஒத்த மெஜந்தா. ஒளியோடு ஒளி சேரச் சேர வெளிச்சம் கூடுகிறது. ஆர்.ஜி.பி. என்று டிசைனர்கள் சொல்வது இந்த முறையைத்தான். ஒவ்வொரு விளக்கின் அளவையும் 0 முதல் 255 வரை எண்ணால் குறித்தால், மூன்றுக்குமாக 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் சேர்க்கைகள் கிடைக்கும். கடைகளில் திரைகளுக்கு விளம்பரமாகச் சொல்லப்படும் கணக்கு அதுவே. அது எண் சேர்க்கைகளின் கணக்கே தவிர, அந்தத் திரையால் எவ்வளவு செறிவான பச்சையைக் காட்ட முடியும் என்பதை அது சொல்வதில்லை.

தாளோ வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறது. அச்சகத்தில் வெள்ளை மை என்று ஒன்று சாதாரணமாக இருப்பதில்லை. தாளின் வெண்மையே வெள்ளை. அறையிலுள்ள ஒளி தாளில் பட்டுத் திரும்புகிறது. அதிலிருந்து வேண்டாததைக் கழிப்பது மையின் வேலை. சயான் மை சிவப்பு ஒளியை விழுங்குகிறது, மெஜந்தா மை பச்சையை விழுங்குகிறது, மஞ்சள் மை நீலத்தை விழுங்குகிறது. ஆஃப்செட் அச்சுமுறையின் இந்த மூன்று மைகளும் ஒளி ஊடுருவக்கூடியவை. ஒளி மைக்குள் நுழைந்து, தாளைத் தொட்டு, மறுபடியும் மை வழியாகவே வெளியே வருகிறது. குங்குமச் சிவப்பு வேண்டுமென்றால் மெஜந்தாவின் மேல் மஞ்சளை அடிக்கிறார்கள். பச்சையும் நீலமும் விழுங்கப்பட்டு, சிவப்பு மட்டும் தப்பித்து வருகிறது. இங்கே கவனிக்க வேண்டிய ஓர் ஒழுங்கு இருக்கிறது. சயான் என்பது சிவப்பு ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் மை. மெஜந்தா பச்சையின் அளவை. மஞ்சள் நீலத்தின் அளவை. ஆகவே அச்சும் அதே மூன்று ஒளிகளைத்தான் ஆள்கிறது. திரை அவற்றைக் கொடுத்து ஆள்கிறது, தாள் அவற்றைத் தடுத்து ஆள்கிறது.

இங்கே பள்ளிக்கூட ஓவிய வகுப்பிலிருந்து ஒரு மறுப்பு வரும். முதன்மை நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்றுதானே படித்தோம்? அந்தப் பாடம் வண்ணம் தீட்டுபவர்களின் நெடுங்கால அனுபவத்திலிருந்து வந்தது; அச்சுத் தொழிலும் அங்கிருந்துதான் கிளம்பியது. பிராங்க்ஃபர்ட்டில் பிறந்த யாக்கோப் கிறிஸ்டோஃப் லெ பிளான், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று செப்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு முழு வண்ணப் படம் எடுத்தார். சிலவற்றில் கருப்புக்கும் ஒரு தகடு சேர்த்தார். லண்டனில் 1725 வாக்கில் வெளியிட்ட சிறு நூலில், சாயங்கள் கலந்தால் கருப்பும், நியூட்டன் சொன்ன ஒளி நிறங்கள் கலந்தால் வெள்ளையும் வரும் என்று அவர் தெளிவாக எழுதியிருக்கிறார். வண்ணப் படங்களை அச்சிட்டு விற்க அவர் நடத்திய கம்பெனி திவாலானது, ஆனால் அவருடைய கவனிப்பு சரியாக இருந்தது. இந்த வேறுபாட்டுக்கான இயற்பியல் விளக்கத்தை 1852-இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கொடுத்தார்: சாயங்கள் கலப்பது கூட்டல் ஆகாது, ஒவ்வொன்றும் தன் பங்கைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் கண்ணுக்கு வருகிறது. ஒளியின் மூன்று பகுதிகளில் ஒவ்வொன்றையும் தனியே கழிக்க வேண்டுமென்றால் அதற்கு மிகவும் பொருத்தமானவை சயானும் மெஜந்தாவும் மஞ்சளும்தான். பள்ளிக்கூட நீலமும் சிவப்பும் ஒன்றுக்கு இரண்டாக ஒளியின் பகுதிகளை விழுங்கிவிடுவதால், அவற்றைக் கலந்தால் துலக்கமான ஊதா வருவதில்லை. கரிய, கலங்கிய நிறம்தான் வரும்.

காகிதத்தில் எழுதிய இந்தக் கணக்குப்படி மூன்று மைகளே போதும். நடப்பில் போதவில்லை, ஏனென்றால் கணக்கு கேட்கும் மை இன்னும் யாராலும் செய்யப்படவில்லை. உண்மையான சயான் மை சிவப்பை விழுங்குவதோடு நிற்காமல் பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் கை வைக்கிறது. மெஜந்தா மை பச்சையோடு நீலத்தில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொள்கிறது. மஞ்சள் ஓரளவு நேர்மையானது. இந்தக் குறைகளைத் தெரிந்துகொண்டால், பத்திரிகையில் வந்த ஏமாற்றம் முழுக்க விளங்கிவிடும். கிளிப்பச்சைக்குச் சயானும் மஞ்சளும் வேண்டும். அந்தச் சயான் பச்சை ஒளியிலேயே கொஞ்சத்தைத் தின்றுவிடுவதால் பச்சை மங்குகிறது. திரையின் நீலத்தைக் கொண்டுவரச் சயானையும் மெஜந்தாவையும் முழுதாக ஏற்றினால், மெஜந்தா நீலத்தையே அரித்து, நிறம் ஊதாவுக்குச் சாய்கிறது; அனுபவமுள்ள டிசைனர் அங்கே மெஜந்தாவைக் கணிசமாகக் குறைத்துவிடுவார். மூன்றையும் சம அளவில் அடித்தால் சாம்பல் வர வேண்டும், வருவதோ பழுப்பு. நடுநிலையான சாம்பலுக்குச் சயான் 50 விழுக்காடு என்றால் மற்ற இரண்டும் 40 விழுக்காட்டையொட்டி இருக்க வேண்டும். மூன்றையும் முழுதாக ஏற்றினாலும் நல்ல கருப்பு வராது. போதாக்குறைக்கு, அவ்வளவு மை ஒரே இடத்தில் சேர்ந்தால் காய நேரமாகும், அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். அதனால்தான் நான்காவதாகக் கருப்பு மை. இந்த நான்கையும் சேர்த்துத்தான் சி.எம்.ஒய்.கே. என்கிறார்கள். நான்கு மைகளின் விழுக்காடுகளைக் கூட்டினால் பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் 300 முதல் 330 வரை தாங்கும். செய்தித்தாள் காகிதம் 240-ஐத் தாண்டினால் திணறும். எழுத்துகளைக் கருப்பு ஒன்றிலேயே அடிக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. நான்கு பிளேட்டிலும் விழுந்த எழுத்து, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்ட்ரேஷன் மயிரிழை பிசகினாலும் இரட்டையாகத் தெரியும்.

இன்னொரு வேறுபாடு கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிறது. திரை தன் விளக்கை மெல்ல மெல்ல மங்கச் செய்ய முடியும். ஆஃப்செட் எந்திரத்தால் மையை மெல்லியதாகவோ கனமாகவோ இடத்துக்கு இடம் மாற்றிப் பூச முடியாது. ஓரிடத்தில் மை உண்டு, அல்லது இல்லை. வெளிர்சிவப்பு வேண்டுமென்றால் சிறிய புள்ளிகள், அடர்சிவப்பு வேண்டுமென்றால் பெரிய புள்ளிகள். தரமான அச்சில் அங்குலத்துக்கு 150 வரிசைகள் என்றால், ஒரு சதுர அங்குலத்தில் ஒவ்வொரு மைக்கும் 22,500 புள்ளிகள். அவை ஒன்றோடொன்று மோதி அலையலையான கோலம் போடாமலிருக்க ஒவ்வொரு நிறத்தையும் ஒரு கோணத்தில் சாய்க்கிறார்கள். வழக்கமான ஓர் அமைப்பில் கருப்பு 45 பாகை, சயான் 15, மெஜந்தா 75, கண்ணை அதிகம் உறுத்தாத மஞ்சள் 0. எந்த வாரப்பத்திரிகையின் அட்டையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் இந்தப் புள்ளிகள் சிறுசிறு பூ வட்டங்களாக அமர்ந்திருப்பது தெரியும். எனக்கு இதில் மிகவும் பிடித்த உண்மை, அச்சில் கழித்தல் மட்டும் நடக்கவில்லை என்பது. புள்ளிமேல் புள்ளி விழுந்த இடத்தில் கழித்தல் நடக்கிறது; புள்ளிக்குப் பக்கத்தில் புள்ளி விழுந்த இடத்தில், இரண்டிலிருந்தும் வரும் ஒளியைக் கண் கூட்டிக்கொள்கிறது, திரையைப் பார்க்கும்போது செய்வதைப் போலவே. நான்கு மைகள் சேர்ந்தும் சேராமலும் தாளில் 16 விதமான நுண்பரப்புகள் உண்டாகின்றன. அவற்றின் சராசரியே நாம் காணும் நிறம் என்று 1937-இல் ஹான்ஸ் நாய்கெபவர் எழுதிய சமன்பாடுகள் அச்சு அறிவியலின் அடித்தளமாக இருக்கின்றன.

இந்தப் புள்ளிகள் அடித்த அளவிலேயே நிற்பதும் இல்லை. அழுத்தத்தில் கொஞ்சம் பரவுகின்றன, தாள் உறிஞ்சும்போது இன்னும் பரவுகின்றன. புள்ளியின் ஓரத்தில் தாளுக்குள் புகுந்த ஒளி மைக்கு அடியில் சிக்கிக்கொள்வதாலும் புள்ளி பெரிதாகத் தெரிகிறது. டாட் கெயின் என்று அச்சகங்களில் சொல்வது இதைத்தான். பிளேட்டில் 50 விழுக்காடாக இருந்த புள்ளி ஆர்ட் பேப்பரில் 65-ஐ ஒட்டியும், பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் அதற்கும் மேலேயும் தெரியலாம். ஒரே ஃபைலை ஆர்ட் பேப்பரில் அடித்தால் பளிச்சென்றும், மேப்லித்தோவில் அடித்தால் கருத்துச் சோகையாகவும் வருவதன் காரணம் இதுவே. அதற்காக மேப்லித்தோவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதில் அடிக்கப்போகிறோம் என்று முன்பே தெரிந்து ஃபைலைத் தயாரித்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் ஃபைலில் எழுதியிருக்கும் எண்களுக்கு என்ன பொருள்? சிவப்பு 200, பச்சை 30, நீலம் 60 என்று எழுதியிருப்பது ஒரு நிறத்தின் பெயர் என்று நினைக்கிறோம். அது ஸ்வரக் குறிப்பைப் போன்றது. ச ரி க என்று எழுதித் தந்தால், ஒரு கட்டையில் பாடுபவரும் ஐந்து கட்டையில் பாடுபவரும் அதையே பாடுவார்கள். கேட்கும் ஒலி வேறாக இருக்கும். சுருதியைச் சொல்லும்வரை ஸ்வரத்துக்கு நிலையான ஒலி கிடையாது. அதேபோல் ஆர்.ஜி.பி. எண் எந்தத் திரைக்கு, சி.எம்.ஒய்.கே. எண் எந்த மைக்கு, எந்தத் தாளுக்கு என்று சொல்லப்படும்வரை அதற்கு நிலையான நிறம் கிடையாது. இந்தச் சுருதியைச் சொல்வதற்காகத்தான் 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சாதாரணத் திரைகளுக்கென்று எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது வரையறையை முன்வைத்தன. 1993-இல் உருவான ஐ.சி.சி. என்ற பன்னாட்டு அமைப்பு, ஒவ்வொரு கருவியின் நிறத்தன்மையையும் விவரிக்கும் புரொஃபைல் என்ற சிறு கோப்பை வடிவமைத்தது. எந்தக் கருவியையும் சாராமல் மனிதக் கண்ணை அளவுகோலாகக் கொண்ட நிற அளவை 1931-லும், அதன் திருத்தமான வடிவத்தை 1976-லும் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் ஏற்படுத்தியிருந்தது. திரையின் எண்களைக் கண்ணின் மொழிக்கும், அங்கிருந்து மையின் எண்களுக்கும் மாற்றுவது இப்போது சாஃப்ட்வேர் ஒரு நொடியில் செய்யும் வேலை.

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததல்லவா, எல்லாவற்றையும் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், டிசைனர்கள் பலரும் இந்த நம்பிக்கையில்தான் கடைசி நிமிடத்தில் ஃபைலை மாற்றி அனுப்புகிறார்கள். தாளில் வரக்கூடிய நிறத்தை மாற்றுவதில் சாஃப்ட்வேர் நன்றாகவே வேலை செய்கிறது. தாளில் வரவே முடியாத நிறம் வரும்போது அது தேர்ந்தெடுத்தாக வேண்டும். எட்டாத கிளிப்பச்சையை எட்டக்கூடிய பச்சையின் விளிம்புக்கு இழுத்து நிறுத்தி, மற்ற நிறங்களைத் தொடாமல் விடலாம். அப்போது இலையின் நரம்புகளும் மடிப்புகளும் ஒரே பச்சையாகி அழிந்துபோகும். அல்லது படம் முழுவதையும் விகிதம் கெடாமல் சுருக்கலாம். நரம்புகள் பிழைக்கும், எல்லா நிறமும் ஒரு படி இறங்கும். சாஃப்ட்வேரில் இரண்டு வழியும் உண்டு. காஞ்சிபுரம் சேலையின் கேட்டலாக்கில் நிறம் முக்கியமா, நெசவின் நுணுக்கம் முக்கியமா என்பது அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர் டிசைனரும் கடைக்காரரும்தான்; அவர்கள் முடிவு சொல்லவில்லை என்றால் எந்திரம் முன்னிருப்பாக வைத்திருக்கும் வழியில் போய்விடும்.

இன்னொரு மறுப்பும் உண்டு, அது கொஞ்சம் வருத்தத்தோடு சொல்லப்படுவது. திரை இவ்வளவு நிறங்களைக் காட்டும்போது தாள் பின்தங்கிய தொழில்நுட்பம்தானே? மொத்த எண்ணிக்கையில் திரை முன்னால் இருப்பது உண்மை. ஆனால் தாளின் நிற எல்லை திரையின் எல்லைக்குள் முழுதாக அடங்கிவிடுவதில்லை. நல்ல தாளில் நூறு விழுக்காடு அடித்த சயானை எஸ்.ஆர்.ஜி.பி. திரையால் காட்ட முடியாது. செறிவான மஞ்சளிலும் ஒரு பகுதி அதற்கு வெளியே நிற்கிறது. திரை தன் வெளிச்சத்தைத் தானே உண்டாக்குகிறது, தாள் அறையின் வெளிச்சத்தைக் கடன் வாங்குகிறது. அதனால் மாலை வெயிலில் எல்லாப் பொருளும் பொன்னிறம் ஏறும்போது தாளும் உடன் ஏறுகிறது. அச்சுக்கான பன்னாட்டுத் தரத்தில் தாளைப் பார்க்கும் ஒளி 5000 கெல்வின். திரையின் வெள்ளையோ 6500 கெல்வினையொட்டி, நீலச் சாயலோடு இருக்கிறது. வெளிச்சம் முழுதாக ஏற்றிய கைபேசியைப் பார்த்துவிட்டு டியூப்லைட்டின் கீழ் பத்திரிகையைப் பார்ப்பவருக்கு, மை அடிக்காத வெறும் தாளே மங்கலாகத்தான் தெரியும்.

முன்பெல்லாம் சிவகாசி நாட்காட்டிகளின் நிறம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று வயதானவர்கள் சொல்வதை ஏக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க வேண்டியிருந்ததால் அந்த ஊரில் வண்ண அச்சு வேர்விட்டது. கோவில்பட்டியில் இருந்து தெய்வப் படங்கள் வரைந்த கொண்டைய ராஜு (1898–1976) போன்றவர்களின் ஓவியங்கள் அங்கே நாட்காட்டிகளாகி வீடுதோறும் போயின. அந்த மூலம் தூரிகையால் தீட்டியது. அதுவும் மற்றப் பொருள்களைப் போல அறையின் ஒளியைத் திருப்பிக் காட்டுவது. ஓவியத்தையும் அச்சுத் தாளையும் ஒரே ஜன்னலுக்கு அருகில் பக்கம் பக்கமாக வைத்து, இங்கே மஞ்சள் கூட வேண்டும் என்று சொல்ல முடிந்தது. இன்னும் பின்னால் போனால், 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். எந்தக் கல்லில் எந்தச் சாயம் என்பதை ஒரு மனிதர் முடிவு செய்தார். இன்று மூலமே ஒளிவிடும் பொருளாகிவிட்டது. அதைத் தாளோடு பக்கத்தில் வைத்து அப்படி எளிதாக ஒப்பிட முடியாது. எந்திரங்களின் தரம் அன்றைவிட உயர்ந்திருந்தும் ஏமாற்றம் பெருகியிருப்பதற்கு, மூலத்தின் இயல்பு மாறிவிட்டதைத்தான் நான் முதல் காரணமாகச் சொல்வேன்.

மைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு, அது ஏற்கெனவே நடக்கிறது என்பதே பதில். அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த முறையில், ஒரு நிறத்தை நான்கு மையால் உண்டாக்காமல் முன்கூட்டியே கலந்து ஒரே மையாக அடிக்கிறார்கள். நம் அச்சகங்களில் ஸ்பெஷல் கலர் என்று கேட்டால் கிடைப்பது இதுதான். ஆரஞ்சு, பச்சை, ஊதா மைகளை நான்கோடு சேர்த்து ஏழாக அடிக்கும் எந்திரங்கள் பேக்கேஜிங்கில் ஓடுகின்றன. தன் நிறத்தாலேயே அடையாளம் காணப்படும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் அந்தச் செலவு தகும். ஐந்நூறு பத்திரிகைக்குத் தகாது. தகும் இடத்திலும்கூட, எல்லை கொஞ்சம் விரியுமே தவிர, தாள் ஒளிவிடத் தொடங்கிவிடாது.

எஞ்சுவது புரூஃப், அதாவது அச்சேற்றுவதற்கு முன் எடுத்துப் பார்க்கும் மாதிரித் தாள். செலவு ஆகும், நேரம் ஆகும் என்ற மறுப்பில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆஃப்செட்டில் பிளேட் போட்டு எந்திரத்தை ஓட்டி ஒரே ஒரு தாள் எடுத்துக் காட்டச் சிறு அச்சகத்தால் முடியாது. ஆனால் அதே தாளில், ஓடப்போகும் ஆஃப்செட்டின் புரொஃபைலை வைத்து டிஜிட்டல் எந்திரத்தில் ஒரு பிரதி எடுப்பது, மொத்தச் செலவில் சிறு பகுதிதான். நிறத்துக்கான சம்மதத்தை அந்தத் தாளில் கையெழுத்தாக வாங்க வேண்டும். வாட்ஸ்அப் படத்தை எழுத்துப்பிழைக்கும் முகூர்த்த நேரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் கேட்டு வாங்க வேண்டியவை சில: எந்தத் தாள், எத்தனை ஜி.எஸ்.எம்., மேலே லேமினேஷன் உண்டா. பளபளப்பான லேமினேஷன் நிறத்தை ஆழமாக்கும், மேட் லேமினேஷன் கருப்பைச் சாம்பலாக்கும்; அதனால் புரூஃபிலும் அதே லேமினேஷன் இருக்க வேண்டும். பார்ப்பதைப் பகலில், நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு விளக்கின் கீழ் ஒத்துப்போகிற இரண்டு நிறங்கள் வேறொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடும். சேலையையும் அதன் படத்தையும் ஒப்பிடும் ஜவுளிக்கடைக்காரர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவது இதற்காகத்தான்.